யாரும் போகாத இடத்தைத் தேடிப் போனால் கூட்டம் குறையுமா?

பிப்ரவரி 2, வாசகர் கேள்வி

பேர்பெற்ற மலை, அருவி, கடற்கரை எங்கே போனாலும் தலைகள்தான் தெரிகின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்வதால்தானே அந்த இடங்கள் சீரழிகின்றன? ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, இதுவரை அதிகம் பேர் போகாத இடங்களுக்குப் போனால் பாரம் பரவிவிடும் அல்லவா? நான் இப்போது அப்படித்தான் இடம் பார்க்கிறேன். இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். என்ன தவறு?

பிப்ரவரி 2, இரவு

நண்பர் கட்சிதான் நான்.

பாரம் பரவுவது உண்மை. சேதம் அப்படிக் கணக்காகப் பரவாது. ஆயிரம் பேர் நடந்த தடத்தில் ஆயிரத்தோராவது ஆளாக நீங்கள் நடந்தால் அங்கே புதிதாகக் கெடுவதற்கு அதிகம் மிச்சமில்லை. யாருமே நடக்காத புல்வெளியில் முதல் ஐம்பது பேரில் ஒருவராக நடந்தால், அங்கே நடக்கப்போகிற மொத்தச் சேதத்தில் பெரும்பங்கு உங்கள் கூட்டத்துடையது. பட்ட காலிலே படும் என்பார்களே, இந்த விஷயத்தில் அதுவே நல்லது. பட்ட தடத்திலேயே படட்டும்.

பிப்ரவரி 3

ஆதாரம் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

காட்டிலும் மலையிலும் மனிதர் நடமாட்டம் என்ன செய்கிறது என்பதை ஆராய ஒரு துறையே இருக்கிறது. அதில் கோல், பேஃபீல்டு என்ற இருவர் 1993இல் ஒரு செய்முறையை வகுத்துக் கொடுத்தார்கள். அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் செடிகொடி உள்ள தரையைக் கயிறு கட்டி ஒதுக்க வேண்டும். ஒரு துண்டில் 25 தடவை நடக்க வேண்டும். அடுத்ததில் 75, அதற்கடுத்து 200, பிறகு 500. ஒரு துண்டை மிதிக்காமலே விட வேண்டும். பிறகு எவ்வளவு செடி மிஞ்சியது என்று அளந்து, அடுத்த ஆண்டு வந்து மறுபடி அளக்க வேண்டும். நடப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஆராய்ச்சி உதவியாளர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இப்படிப் பல நாடுகளில் அளந்து பார்த்ததில் திரும்பத் திரும்ப ஒரே வடிவம்தான் வந்தது. தொடக்கத்தில் சேதம் செங்குத்தாக ஏறும், அப்புறம் கோடு படுத்துவிடும். நிழலில் வளரும் அகன்ற இலைச் செடிகள், பெரணிகள் எல்லாம் இருநூறு நடைக்கே பாதிக்கு மேல் போய்விடுவதுண்டு. கூடாரம் அடிக்கும் இடங்களிலும் இதே கதை. ஆண்டுக்குச் சில இரவுகள் மட்டும் ஆள் தங்கும் இடத்துக்கும், சீசன் முழுக்க ஆள் தங்கும் இடத்துக்கும் தரையின் நிலையில் நாம் நினைக்கிற அளவு வித்தியாசம் இருப்பதில்லை.

ஆகவே, பத்து இடங்களுக்குப் பிரிந்து போனால் பத்தில் ஒரு பங்கு சேதம் என்று நினைக்காதீர்கள். பத்து இடமும் கெடும்.

பிப்ரவரி 3, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாத் தரையும் ஒன்றல்ல. மேய்ச்சல் பழகிய புல் நிறைய மிதி தாங்கும். ஆற்று மணல், வெறும் பாறை, கெட்டிப்பட்ட பனி மேல் நடந்தால் தடமே மிஞ்சாது. பாசி தாங்காது. பாலைவனத்தில் மண்ணின் மேல் கருப்பாக, முடிச்சு முடிச்சாக ஒரு பொருக்கு இருக்கும். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து கட்டியது. பார்ப்பதற்கு வெறும் அழுக்கு. ஒரே மிதியில் நொறுங்கும், மறுபடி கட்டப் பல பத்தாண்டுகள் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பாலைப் பூங்காக்களில் தடத்தை விட்டு இறங்காதே என்று பலகைக்குப் பலகை கெஞ்சுவது இதனால்தான்.

பிப்ரவரி 4

தடம் எப்படிக் கெடுகிறது என்பதை நான் புத்தகத்தில் கற்றதைவிட மண்வெட்டியால் கற்றது அதிகம். மலைப்பாதை செப்பனிடும் தன்னார்வக் குழுக்களோடு போவதுண்டு. அங்கே வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடுதான்.

நடக்க நடக்க மண் இறுகி, துளைகள் அடைபட்டு, மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் போகும். பாதையே வாய்க்காலாகிவிடும். பள்ளத்தில் நீர் தேங்கும். வருகிறவர் காலணி நனையக் கூடாது என்று ஓரமாகச் சுற்றிப் போவார். ஓரத்துப் புல் சாகும், அங்கேயும் சேறாகும், அடுத்தவர் இன்னும் தள்ளிச் சுற்றுவார். ஆள் ஒருவர் போகும் தடம் இப்படித்தான் வண்டிப்பாதை அகலத்துக்கு விரிகிறது. எனவே சேற்றைக் கண்டால் நடுவிலேயே இறங்கி நடப்பதுதான் மரியாதை. கால் அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

இதற்கு வைத்தியம், பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் வரிசை பதிப்பது. கல்லில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், வெளியே கொஞ்சம்தான் தெரிய வேண்டும். ஓடிவரும் நீர் அதில் முட்டிப் பக்கவாட்டில் சரிவில் இறங்கிவிடும். நேர்குறுக்காகப் பதித்தால் நீர் தேங்கும், மண் சேரும், ஒரு மழைக்காலத்தில் கல்லே காணாமல் போகும். ஒரு கல் சரியாக உட்காரவே அரைநாள் போய்விடும். ஒருமுறை ‘வேலை நடக்கிறது, காத்திருங்கள்’ என்று பலகை நட்டுவிட்டுக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் பலகையைச் சுற்றிப் புல்லில் புதுசாக ஒரு பாதை.

பிப்ரவரி 6

“ரகசியமாக வைத்துக்கொண்டால் போதாதா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்கிறீர்கள். ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு மரங்களைக் கேளுங்கள்.

கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் ஹைப்பீரியன் என்ற மரம் இருக்கிறது. உயிரோடிருக்கும் மரங்களிலேயே உயரமானது, ஏறக்குறைய 116 மீட்டர். 2006இல் கண்டுபிடித்தார்கள். இருக்கும் இடத்தைப் பூங்கா சொல்லவே இல்லை, போக வழியும் போடவில்லை. இணையத்தில் இடம் கசிந்தது. காட்டைக் கிழித்துக்கொண்டு போனார்கள். அடிமரத்தைச் சுற்றியிருந்த பெரணிகள் போய் வெறும் மண் ஆனது. 2022இல் அந்தப் பகுதியையே அடைத்து, மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார்கள். இதில் வேடிக்கை, அடியில் நின்று அண்ணாந்தால் உச்சி தெரியாது. பக்கத்து மரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. பூங்காக்காரர்களே இதைச் சொல்லித்தான் வராதீர்கள் என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் வொலமை பைன் கதை இன்னும் மோசம். தொல்லெச்சமாக மட்டுமே தெரிந்த இனம், 1994இல் ஒரு பள்ளத்தாக்கில் உயிரோடு கிடைத்தது. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. இடத்தைப் பூட்டி வைத்தார்கள். ஆனாலும் 2005இல் அங்கே வேரழுகல் நோய்க்கிருமி தென்பட்டது. அனுமதியில்லாமல் வந்துபோன யாருடைய காலணி மண்ணிலோ வந்திருக்கும் என்பதுதான் சந்தேகம்.

சில இடங்களைக் கெடுக்க நூறு பேர் வேண்டாம், ஒரே ஆள் போதும்.

பிப்ரவரி 7

காலணி என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்டார்க்டிகாவுக்கு 2007-08 பருவத்தில் போனவர்களின் உடை, பை, காலணி எல்லாவற்றையும் உறிஞ்சு கருவி வைத்துத் துழாவிப் பார்த்தார்கள். சராசரியாக ஆளுக்கு 9.5 விதை. சுற்றுலாப் பயணிகளைவிட அதிகமாகச் சுமந்துவந்தவர்களில் ஆராய்ச்சியாளர்களும் உண்டு என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நம்பாவிட்டால் உங்கள் பையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து வெள்ளைத் துணி மேல் ஊசியால் கிளறிப் பாருங்கள். என் பழைய பையில் செய்தேன். கம்பளி நூல், மணல், நடுவில் புல் விதைகள். ஒவ்வொன்றுக்கும் நுனியில் கொக்கி. சுலபமாக விடாது, இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எந்த மலையில் ஏறியவை, எந்த மலையில் இறங்கியிருக்கும் என்பது பைக்குத்தான் வெளிச்சம்.

நியூசிலாந்தில் கவுரி மரங்களை வேரில் தாக்கும் கிருமி மண்ணோடுதான் பரவுகிறது. வைட்டாகெரே காட்டில் நோய் முற்றியபோது, அந்நிலத்துக்குரிய மாவோரிக் குழுவினர் 2017 டிசம்பரில் தங்கள் மரபுப்படி காட்டுக்குள் வரத் தடை விதித்தார்கள். பிறகுதான் நகராட்சி தடங்களை மூடியது. இப்போது திறந்திருக்கும் தடங்களின் வாயிலில் தூரிகையும் கிருமிநாசினியும் இருக்கும். அதைத் தாண்டித்தான் நுழைய முடியும்.

வௌவால்களின் வெள்ளைமூக்கு நோயும் இப்படித்தான். 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் முதல் தடயம். அதைக் கொண்டுவரும் பூஞ்சை ஐரோப்பாவில் பழையது, அங்கத்திய வௌவால்களுக்குப் பழகிப்போனது. அமெரிக்க வௌவால்களுக்கு அது புதிது, இளவேனில்வரை தூங்க வேண்டியவை பனிக்காலத்தில் விழித்துப் பட்டினியில் செத்தன, லட்சக்கணக்கில். கடல் தாண்டி வந்தது யாராவது குகை பார்க்க வந்தவரின் உடுப்பிலோ கயிற்றிலோ ஒட்டித்தான் இருக்கும் என்பது பரவலான கருத்து.

பிப்ரவரி 9

எல்லாவற்றுக்கும் இன்ஸ்டாகிராம்தான் காரணம் என்று ஒருவர் இடையில் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். நார்வேயின் ட்ரோல்டுங்கா, ஏரிக்கு மேலே நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. 2010இல் ஆண்டுக்கு எண்ணூறு பேர் போல ஏறினார்கள், 2016இல் எண்பதாயிரம். படத்தில் பாறை நுனியில் ஒற்றை ஆள் நிற்பார். பின்னால் அடுத்த படத்துக்காக நிற்கும் வரிசை படத்தில் வராது. ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கில் பாடகர் ஜஸ்டின் பீபரின் 2015 காணொளி எடுக்கப்பட்டது. அப்புறம் வந்த கூட்டம் பாசியைச் சேறாக்க, 2019இல் தற்காலிகமாக அடைத்தார்கள். அந்தப் பாசி திரும்பி வளர ஒருவர் ஆயுளில் பெரும்பகுதி ஆகும்.

பிப்ரவரி 9, கொஞ்சம் கழித்து

யோசித்தால், பாதிகூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. படம் ஆசையைக் கிளப்பும், அவ்வளவுதான். ஆளைக் கொண்டுபோய் இறக்குவது சாலையும் விமானத்தளமும்.

எவரெஸ்டைப் பாருங்கள். 1953இல் காத்மாண்டுப் பக்கமிருந்து அடிவாரம் போகவே வாரக்கணக்கில் நடந்தார்கள். ஹிலாரி அப்புறமும் ஷெர்பாக்களுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவமனை கட்டிக்கொடுப்பதில் இறங்கினார். கட்டுமானப் பொருள்களைக் கொண்டுவர 1964இல் லுக்லாவில் ஒரு சாய்வு நிலத்தை விமானத்தளமாக்கினார்கள். மருத்துவமனைக்காக வந்த தளத்தில் அப்புறம் இறங்கியது மலையேறிகள். இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே அங்கே குப்பை பெரிய பேச்சு. 1991இல் அதற்கென்றே உள்ளூர்க் குழு அமைத்துவிட்டார்கள். 2019 மே 22 அன்று உச்சிக்குக் கீழே முண்டியடித்து நின்ற வரிசைப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பருவத்துக்கு நேபாளம் கொடுத்த அனுமதி 381. 2023இல் 478.

லுக்லா தளம் போடாமல் இருந்திருக்க வேண்டுமா என்றால், மாட்டேன், அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வைத்தியத்துக்கு ஆள் செத்துக்கொண்டிருந்த ஊர்கள் அவை.

பிப்ரவரி 12

“அப்படியானால் மூடிவிடுங்கள், ஒரேயடியாக” என்கிறார் ஒரு வாசகர்.

மூடினால் வேலை செய்யும், சந்தேகமில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு, 2000இல் வந்த ஹாலிவுட் படத்துக்கு அப்புறம், ஒருநாளைக்கு ஐயாயிரம் பேர்வரை வந்தார்கள். படகு நங்கூரங்கள் பவளத்தை நொறுக்கின. 2018 ஜூனில் சில மாதத்துக்கு என்று மூடினார்கள், திறந்தது 2022 ஜனவரியில். இடையில் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கரையோரம் வந்து திரிந்தன. இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக் கூடாது, தீவின் பின்புறம் இறக்கிவிட வேண்டும். ஒரு தவணைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மறுபடி மூடல். பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவு 2018இல் ஆறு மாதம் மூடியிருந்தது. திறந்தபோது ஒருநாளில் வரக்கூடியவர் 6,405, ஒரே சமயத்தில் இருக்கக்கூடியவர் 19,215 என்று வரம்பு. கடைசி ஐந்து பேரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

ஆனால் உத்தரகண்டின் நந்தாதேவி சிகரத்தை நினைத்தால் ‘மூடு’ என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நாற்புறமும் மலைச்சுவர் சூழ்ந்த உட்பகுதிக்குள் ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கு வழியாக வழி கண்டுபிடிக்கவே 1934வரை ஆனது. ஷிப்டன், டில்மன் என்ற பிரிட்டிஷ் மலையேறிகள் போனார்கள். 1974இல் வெளிநாட்டு மலையேறிகளுக்குத் திறந்தார்கள். பத்தாண்டுக்குள் விறகுக்கு வெட்டியதும் குவிந்த குப்பையும் தாங்காமல் 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கி அடைத்தார்கள். (1965இல் ரகசியக் கருவியோடு புளூட்டோனியத்தைச் சுமந்துபோய் அங்கே தொலைத்துவிட்டு வந்த உளவுத்துறையினரை எந்தக் குப்பைக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.) உள்ளே காடு தேறியது. வெளியே, அதே பள்ளத்தாக்கின் ரேணி கிராமத்துப் பெண்கள்தான் 1974இல் மரங்களைக் கட்டிப்பிடித்துக் கோடரியைத் தடுத்தவர்கள். பூங்கா வந்ததும் அவர்களுடைய ஆடுகளுக்கு மேய்ச்சல் போனது, மூலிகை போனது, சுமைகூலி வேலையும் போனது. 1998இல் பக்கத்து லாதா கிராமத்தார் தடையை மீறிப் பூங்காவுக்குள் நடந்தே போனார்கள். கெடுத்தவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு.

பிப்ரவரி 13

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு நான் மூடுவதற்கே எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் மூடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஆஸ்திரேலியாவின் உலுருப் பாறையில் ஏறுவதை 2019 அக்டோபர் 26இல் நிறுத்தியது அந்நிலத்துக்குரிய அனங்கு மக்கள் பெரும்பான்மையாக உள்ள குழுதான். ஏறாதீர்கள், எங்களுக்குப் புனிதமான இடம் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிப்பார்த்தார்கள். தேதி குறித்ததும், இனிமேல் முடியாதே என்று கடைசி நாள்களில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எறும்பு வரிசையாக ஏறினார்கள். ‘கடைசி வாய்ப்பு’ என்று சொன்னாலே போதும், நமக்குக் கால் நிற்காது.

பிப்ரவரி 17

கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் தானாகக் குறையும் என்பவர்களுக்கு: கலாபகோஸ் தீவுகளின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் நூறு டாலரிலிருந்து இருநூறு ஆனது. விமானத்துக்கும் கப்பலுக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவருக்கு இது சில்லறை. எவரெஸ்ட் ஏறும் அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 ஆனது, அங்கேயும் அதே கதைதான். பூட்டான் 2022இல் ஒரு நாளைக்கு 200 டாலர் என்று வைத்துப் பார்த்து, அடுத்த ஆண்டே நூறாகக் குறைத்தது.

எனக்குப் பிடித்தது குலுக்கல். அமெரிக்காவின் அரிசோனா எல்லையில் அலை போன்ற மணற்பாறை ஒன்றுக்கு நீண்டகாலம் ஒரு நாளைக்கு இருபது பேர்தான், 2021இல் 64 ஆக்கினார்கள். கலிபோர்னியாவின் ஹாஃப் டோம் என்ற பாறை மலையில் ஏறும் கம்பிப் பாதைக்கும் குலுக்கல். கோடீஸ்வரருக்கும் மாணவருக்கும் ஒரே சீட்டு. எனக்கு ஒருமுறையும் விழுந்ததில்லை, அதனால் புகழ்வதில் சுயநலம் இல்லை என்பது உறுதி.

பூட்டானைப் பற்றி இன்னொன்று. ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏற 1994இல் தடை, 2003இல் மலையேற்றத்துக்கே தடை. இதனால்தான் 7,570 மீட்டர் கங்கார் புன்சும் இன்றும் யாரும் ஏறாத மலைகளில் மிக உயரமானது. ஒரு நாடு முழுக்க இப்படி முடிவெடுக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பிப்ரவரி 21

என் வாதத்தில் ஓட்டை எங்கே என்று நானே தேடினால் அன்டார்க்டிகாவில் போய் முட்டுகிறேன். தடத்தில்தான் நட, ஒரே இடத்தில் குவி, காலணி கழுவு என்று நான் சொல்வதெல்லாம் அங்கே நடைமுறை. 1991இல் சுற்றுலா நிறுவனங்களே கூடி விதி வகுத்துக்கொண்டார்கள். ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. பெங்குவினுக்கு வழிவிட்டு ஐந்து மீட்டர் தள்ளி நில். விதி நல்ல விதி. ஆனால் மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்று வரம்பு கிடையாது. 2022-23 பருவத்தில் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அங்கே சேதம் காலடியில் மட்டும் இல்லை, புகைபோக்கியிலும் இருக்கிறது. கப்பல் கரி பனிமேல் படிந்து, பனி கருத்து, வெயிலை வாங்கி உருகுகிறது. ஒரு பயணியின் கணக்கில் சுமார் 83 டன் பனி முன்கூட்டி உருகுகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த இடத்தில் நீங்கள் தடத்தில் நடந்தீர்களா, தடம் விட்டு நடந்தீர்களா என்பதற்கு என்ன பொருள்? எனவே என் ‘பட்ட தடம்’ வாதம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் இடங்களுக்குத்தான். கப்பலேறிப் போகும் இடங்களுக்கு அல்ல.

மார்ச் 1

மலப்பை, அதாவது மலையில் கழித்ததைக் கட்டித் திரும்ப எடுத்துவரும் பை, பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தாழ்வான, ஈரமான காட்டு மண்ணில் நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடினால் போதும், மண்புழுவும் நுண்ணுயிரும் பார்த்துக்கொள்ளும். காகிதத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள், மழை வந்ததும் முதலில் மேலே வருவது அதுதான். உயரமான மலையிலும் பாலைவனத்திலும் குழி வேலைக்காகாது. குளிரிலும் வறட்சியிலும் எதுவும் மக்காது. எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சி 2024இல் பையைக் கட்டாயமாக்கியது இதனால்தான். உள்ளே இருக்கும் பொடி எல்லாவற்றையும் கெட்டியாக்கி நாற்றத்தை அடக்கிவிடும். இரட்டை உறையாக வாங்குங்கள். சாப்பாட்டுப் பையிலிருந்து தள்ளி வெளிப்பக்கம் கட்டுங்கள், முள் கிழிக்காத பக்கமாக.